நான்கு துணிகள்

வண்டி செத்தது பிப்ரவரியில்,
பயீயா பிளாங்காவுக்கு வெளியே,
சோயா ஏற்றிய லாரியின் பின்புறத்தில் முட்டி.
சட்டகம் வளைந்தது. முன்சக்கரம் எட்டுப் போட்டது.
என் காறையெலும்பு இரண்டானது.
எஞ்சினில் மட்டும் ஒரு கீறல் இல்லை.
எனக்கு அதுதான் எரிச்சல்.

வாங்குகிறவன் பெயர் லிசாண்ட்ரோ. முகம் தெரியாது.
ஊர் ரியோ காஷேகோஸ்,
ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர், வழியெல்லாம் காற்று.
லாரி கம்பெனியில் விசாரித்தேன்.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
பஸ்ஸில் போடலாம் என்று முடிவு செய்தோம்,
பயணிகளின் பெட்டிகளோடு, பஸ்ஸின் அடிவயிற்றில்.
அறுபது கிலோ வரைக்கும் ஒரு விலை,
அதற்குமேல் ஒரு கிலோ ஏறினாலும் இருமடங்கு.

ராத்திரி முழுக்க எண்ணெய் வடித்தேன்.
ஒரு பக்கம் சாய்த்தால் வந்தது.
மறுபக்கம் சாய்த்தால் இன்னும் வந்தது.
தீர்ந்துவிட்டது என்று எஞ்சின் சொல்லும்,
நம்பக் கூடாது.

கார்புரேட்டர்களைக் கழற்றியதும் இரண்டு வாய்.
புகைக்குழாய்களைக் கழற்றியதும் இன்னும் இரண்டு.
திறந்த வாய்க்குள் ஒரு சின்ன நட் விழுந்தால் போதும்,
அப்புறம் அது எஞ்சின் இல்லை, உரல்.
தங்கை புருஷன் விட்டுப்போன கால்பந்துச் சட்டையை
நான்காகக் கிழித்து
நான்கு வாயிலும் அடைத்தேன்.
அந்தச் சத்தம் நன்றாக இருந்தது, கிழிகிற சத்தம்.

வாஷிங் மெஷின் வந்த மரச்சட்டம் அடியில்.
அதன்மேல் ஒரு பழைய ஸ்கூட்டர் டயர்.
டயரின் குழியில் எஞ்சினை இறக்கினேன்,
அடைகாக்க உட்கார்ந்த கோழி மாதிரி பொருந்திக்கொண்டது.
பிடிமானத் துளைகளில் நீள போல்ட்டு விட்டுப் பலகையோடு முடுக்கினேன்.
சிலிண்டரைச் சுற்றிக் கார்பெட் துண்டு.
செய்தித்தாள் உருண்டை ஒன்றுகூடப் போடவில்லை,
இந்தப் பாரம் அதை முதல் பள்ளத்திலேயே கூழாக்கிவிடும்.
மூடிமேல் மார்க்கரில் பெரிதாக எழுதினேன்:
உள்ளே நான்கு துணி.
நான்கையும் எடுக்காமல் உதைக்காதே.

பஸ் நிலையத்துத் தராசு சொன்னது: அறுபத்து மூன்று.
பார்சல் குமாஸ்தா எவாரிஸ்தோ
என்னையும் பார்த்தார், தராசையும் பார்த்தார்,
ஒன்றும் பேசாமல் இழுப்பறையிலிருந்து
ஒரு ஸ்பானரை எடுத்து வைத்தார்.
வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள்.
தரையில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தேன்,
ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றினேன்,
தோள் ஒவ்வொரு திருகுக்கும் என் பெயரைச் சொல்லித் திட்டியது.
அறுபதரை.
மரச்சட்டத்தின் இரண்டு முனைகளை அறுத்தோம்.
அறுபது. முள் நடுங்கி நின்றது.
தீர்ந்துவிட்டதாகச் சொன்ன எண்ணெய்
அந்நேரம் பார்த்து அவர் ரசீதுப் புத்தகத்தின்மேல் சொட்டியது.
கைக்கு வந்த துணியால் துடைத்தேன்,
மன்னிப்புக் கேட்டேன், டேப் ஒட்டினேன், ஓடினேன்.
மோட்டார் தனிப் பொட்டலமாகப் பின்னால் போனது.

மூன்றாம் நாள் போன்.
"பத்திரமாக வந்துவிட்டது. ஆனால் துணி மூன்றுதான் இருக்கிறது."

டார்ச் அடித்துப் பார்த்தானாம்.
பல்டாக்டர் கண்ணாடி இரவல் வாங்கிப் பார்த்தானாம்.
கம்பியை வளைத்து உள்ளே துழாவினானாம்.
கோபமே இல்லாத குரல்.
அது என்னை இன்னும் கலக்கியது.
"நான்கு என்று எழுதியிருக்கிறீர்கள். நான் உதைக்கவில்லை."
நான்கும் நானே அடைத்தது, சத்தியம், என்றேன்.
இரண்டு நாள் அவன் உதைக்கவில்லை.
இரண்டு நாள் நான் தூங்கவில்லை.
பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவே
ஒரு கால்பந்துச் சட்டை சுருண்டு கிடப்பதாகக் கனவு.

வெள்ளிக்கிழமை குளிர் இறங்கியது.
ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு சில்லறைக்குப் பையில் கைவிட்டேன்.
பிசுக்கென்று தட்டுப்பட்டது.
எண்ணெயில் ஊறிய துண்டு, அதில் ஒன்பதாம் எண்ணின் வால்.

கூப்பிட்டுச் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன்.
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் காற்று மட்டும் கேட்டது.
"அப்படியானால் ஒரு வாய்
வழியெல்லாம் திறந்தே வந்திருக்கிறது," என்றான்.
"லைனில் இருங்கள்.
இன்னொரு தடவை டார்ச் அடித்துப் பார்க்கிறேன்."